தைராய்டு நார்மல் ஆயிடுச்சு, கண் மட்டும் ஏன் அடங்க மாட்டேங்குது?

நிலாமுற்றம் | மார்ச் 4, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வருஷக்கணக்கா படிச்சுட்டு மட்டும் போற ஆள் நான். எழுதுறது இதுதான் முதல் தடவை.

எனக்கு 41 வயசு. போன ஜூலையில் காரணமே இல்லாம எட்டு கிலோ இறங்கிச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கையை நீட்டினா விரல் நடுங்கும். டெஸ்ட் எடுத்ததில் கிரேவ்ஸ் நோய், அதாவது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிற நோய்னு வந்தது. அதைக் கட்டுப்படுத்த கார்பிமசோல் மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு எட்டு மாசம். இப்ப டிஎஸ்ஹெச் 1.9, டி4 சரி, எடை திரும்பிடுச்சு. ஹார்மோன் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு "அருமை"ன்னார்.

பிரச்சினை கண்ணுல. நவம்பர்ல ஆரம்பிச்சது. மண் விழுந்த மாதிரி உறுத்தல், காத்து பட்டா தண்ணி கொட்டும், காலையில இமை ரெண்டும் உப்பிக் கிடக்கும். அலர்ஜின்னு ஒரு சொட்டு மருந்து, அது முடிஞ்சதும் வேற ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. மூணு பாட்டில் காலி.

போன மாசம் ஆபீஸ்ல அடையாள அட்டை மாத்தினாங்க. போட்டோ எடுத்த தம்பி "கொஞ்சம் ரிலாக்ஸா பாருங்க மேடம்"னு மூணு தடவை சொன்னார். நான் ரிலாக்ஸாதான் உட்கார்ந்திருந்தேன். புது அட்டை வந்ததும் பழசை பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். பழைய போட்டோவில் மேல் இமை கருவிழியோட மேல் ஓரத்தைக் கொஞ்சம் மூடியிருக்கு. புதுசில் கருவிழிக்கு மேலே ஒரு கீற்று வெள்ளை தெரியுது. வலது கண்ணுல அதிகம். அட்டையைக் கவுத்து வெச்சுட்டேன்.

இப்ப ஒரு வாரமா காலையில பல் தேய்க்கும்போது குழாய் ரெண்டா தெரியுது, ஒண்ணுக்கு மேல ஒண்ணா. அரை மணி நேரத்துல சரியாயிடுது. தைராய்டு நார்மல் ஆயிடுச்சே, கண்ணும் தானா சரியாகணும் இல்லையா? யாருக்காவது இப்படி இருந்திருக்கா?


சிட்டுக்குருவி77 | மார்ச் 4, இரவு 11:15

எங்க சித்திக்கும் கண் இப்படித்தான் இருந்துச்சு, ஒரு வருஷத்துல தானா அடங்கிடுச்சு. பயப்படாதீங்க சிஸ். கண்ணை மேல கீழ, வட்டமா சுத்துற பயிற்சி காலை மாலை பண்ணுங்க. முடி கொட்டினா பயோட்டின் வைட்டமின் மாத்திரை போடுங்க, எனக்கு நல்ல பலன்.


கண்ணாடிக்காரர் | மார்ச் 5, காலை 6:20

நான் டாக்டர் இல்லை. கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் வேலையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

அம்மா, உங்கள் கேள்வியிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் கூடியதால் கண் பிதுங்கவில்லை. தைராய்டை முடுக்கிவிட்ட அதே எதிர்ப்பொருள்தான், அதாவது ஆன்டிபாடிதான், கண்ணுக்குப் பின்னாலும் வேலை காட்டுகிறது. மாத்திரை சுரப்பியின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும். கண்ணுக்குப் பின்னால் எரிகிற தீ அதனால் உடனே அணையாது. ஹார்மோனைச் சீராக வைத்திருப்பது கண்ணுக்கும் நல்லதுதான், ஏறினாலும் இறங்கினாலும் கண் கெடும். ஆனால் கண்ணின் காலக்கணக்கு வேறு.

உள்ளே நடப்பது இது. விழிக்குழி என்பது எலும்பாலான ஒரு கூம்பு, கொள்ளளவு சுமார் 30 மி.லி. அதற்குள் கண், அதைத் திருப்புகிற தசைகள், கொழுப்பு, நரம்பு எல்லாம் அடங்கவேண்டும். இந்த நோயில் அங்குள்ள செல்கள் ஹயலூரோனான் என்ற பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கும். அது பஞ்சு மாதிரி தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். தசை தடிக்கும், கொழுப்பும் பெருகும். சுற்றிலும் எலும்பு, முன்பக்கம் மட்டும்தான் திறப்பு. கண் முன்னால் தள்ளப்படுகிறது. தசையோ விறைத்துப்போய் ஒழுங்காக நீளாது. ஒரு கண் திரும்புகிற அளவு மற்றது திரும்பாது, அதனால்தான் இரண்டு குழாய். இரவு முழுக்கப் படுத்திருந்தால் நீர் தேங்கி வீக்கம் கூடும். காலையில் மோசமாக இருப்பது அதனால்தான்.

1835இல் டாக்டர் கிரேவ்ஸ், 1840இல் ஜெர்மனியில் டாக்டர் பாசிடோவ் இந்த நோயைப் பற்றி எழுதிய காலத்திலேயே கண்ணும் கழுத்தும் நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்துதான் பேசப்பட்டன. இன்றைக்குக் கழுத்து ஒரு டாக்டரிடம், கண் இன்னொரு டாக்டரிடம். நடுவில் நோயாளி மூன்று பாட்டில் அலர்ஜி மருந்தோடு நிற்கிறார்.

சிட்டுக்குருவி, சித்திக்கு அடங்கியது உண்மையாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு லேசாக வந்து அடங்கிவிடுவதுதான் வழக்கம். ஆனால் வீங்கி விறைத்த தசையைப் பயிற்சியால் இளக்க முடியாது. பயோட்டின் விஷயத்தில் கவனம்: அதிக அளவில் சாப்பிட்டால் சில ஆய்வகங்களின் தைராய்டு பரிசோதனையையே குழப்பி, இல்லாத மிகைச் சுரப்பை இருப்பதாகக் காட்டும். இரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்தவேண்டும்.

நிலாமுற்றம், சில கேள்விகள். புகை உண்டா? கண்ணைத் திருப்பும்போது வலி உண்டா? தூங்கும்போது இமை முழுசாக மூடுகிறதா, வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பியையே முடக்குகிற கதிரியக்க அயோடின் சிகிச்சை பற்றி யாராவது பேசினார்களா? ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் நிறங்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா?


நிலாமுற்றம் | மார்ச் 5, மதியம் 1:05

ஐயா, இவ்வளவு விளக்கமா எனக்கு இதுவரை யாருமே சொல்லலை.

நான் புகைக்கிறதில்லை, வீட்டுக்காரர் உண்டு, பெரும்பாலும் ஹால்லதான். மேல பார்த்தா கண்ணுக்குப் பின்னால இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலி. தூங்கும்போது வலது கண் ஒரு நூல் திறந்திருக்குன்னு பொண்ணு சொல்றா. போட்டோவே எடுத்து வெச்சிருக்கா, கழுதை. நிறம் ரெண்டு கண்ணுலயும் ஒண்ணாத்தான் இருக்கு.

அயோடின் பத்தி ஹார்மோன் டாக்டர் சொன்னார். மாத்திரையை எத்தனை காலம் இழுக்கிறது, ஒரே தடவையில் முடிச்சுடலாம்னு அடுத்த மாசம் தேதி பார்க்கச் சொல்லியிருக்கார்.


மூன்றாம்பிறை | மார்ச் 5, மதியம் 2:30

அந்தத் தேதியை முதல்ல தள்ளிப் போடும்மா. கண் டாக்டர் பார்க்காம போகாதே.

எனக்கு ஆறு வருஷம் முன்னாடி கொடுத்தாங்க. அப்பவே கண் லேசா சிவந்துதான் இருந்தது. "கண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை"ன்னு ஒரே வரி. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப்போறதில்லை, சொல்லி ஆகப்போறதும் ஒண்ணுமில்லை. அயோடின் எடுத்து ரெண்டரை மாசத்துல ரெண்டு கண்ணும் தள்ளிக்கிச்சு. அதோட நடுவுல மூணு மாசம் யாரும் ரத்தம் பார்க்கலை. தைராய்டு ஒரேயடியா படுத்துப்போய், டிஎஸ்ஹெச் 60க்கு மேல. உடம்பு வீங்கி, குரல் கம்மி. அதுவும் கண்ணைக் கெடுக்கும்னு எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.


மலைமுகடு | மார்ச் 5, இரவு 8:10

இப்படி மொட்டையா பயமுறுத்துறது சரியில்ல அக்கா. நானும் அயோடின் எடுத்தவன்தான். ஒன்பது வருஷம் ஆச்சு, கண்ணுக்கு ஒண்ணுமே வரலை. தினம் ஒரு தைராக்சின் மாத்திரை, அவ்வளவுதான். கார்பிமசோல் மட்டும் சும்மாவா? தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தா வெள்ளை அணு இறங்கிடுச்சான்னு அன்னைக்கே ரத்தம் பார்க்கணும். அந்த பயத்தோட வருஷக்கணக்கா இருக்கணுமா?


மூன்றாம்பிறை | மார்ச் 5, இரவு 8:45

தம்பி, எடுக்கும்போது உனக்குக் கண்ணுல ஏதாவது இருந்துச்சா?


மலைமுகடு | மார்ச் 5, இரவு 8:52

இல்ல.


மூன்றாம்பிறை | மார்ச் 5, இரவு 8:53

அதான்.


கண்ணாடிக்காரர் | மார்ச் 6, காலை 6:05

இருவர் சொல்வதும் சரி, இருவரின் கண்தான் வேறு. கண்ணில் நோயே இல்லாதவருக்கு அயோடின் நல்ல சிகிச்சை. லேசாக இருப்பவருக்குக் கூடவே சில வாரம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பாதுகாப்பார்கள். கண் நோய் மும்முரமாக, மிதமானதற்கு மேல் இருக்கும்போது பொதுவாகத் தவிர்ப்பார்கள். புகையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

நிலாமுற்றத்துக்கு இரட்டைப் பார்வை வந்துவிட்டது, திருப்பினால் வலிக்கிறது. இதை லேசானது என்று நான் சொல்லமாட்டேன். ஆகுலோபிளாஸ்டி, அதாவது இமை, விழிக்குழி அறுவை பார்க்கிற கண் டாக்டரிடம் போங்கள், அவருடைய கருத்தை எழுத்தில் வாங்கி ஹார்மோன் டாக்டரிடம் கொடுங்கள். அதுவரை பகலில் பாதுகாப்புப்பொருள் கலக்காத கண்ணீர்ச் சொட்டு, இரவில் ஜெல் அல்லது களிம்பு, தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திப் படுப்பது. பழைய போட்டோக்களை எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி.

வீட்டுக்காரரின் புகைக்கு ஹாலில் இடமில்லை. இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.


ஒத்தையடிப்பாதை | மார்ச் 6, இரவு 9:30

புகைன்னதும் உள்ள வந்தேன். நாளைக்கு ஒரு பாக்கெட் ஆசாமி நான். ஆம்பளைங்களுக்கு இந்த நோய் வர்றது குறைவு, வந்தா கடுமையா வரும்னு சொல்வாங்க, நான் அதுக்கு உதாரணம். என் கண்ணைப் பார்த்துட்டு காலையிலேயே குடிச்சிருக்கேன்னு நினைக்காத ஆளே இல்ல. வேலை செய்யுற இடத்துல மேலதிகாரி தனியா கூப்பிட்டு "ஏதாவது உதவி வேணுமாப்பா"ன்னு கேட்டார். வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல. புகைதான்.

ஸ்டீராய்டு போடும்போது டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொன்னார்: நீ புகைச்சுக்கிட்டே இந்த மருந்தை ஏத்துறது, ஓட்டை வாளியில தண்ணி இறைக்கிற மாதிரி. அன்னைக்கு விட்டது. பதினாலு மாசம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை வழுக்கினேன், மறைக்கல.


சிட்டுக்குருவி77 | மார்ச் 7, காலை 10:00

செலினியம்ங்கிற தாதுச்சத்து நல்லதுன்னு வாட்ஸப்ல வந்துச்சே, அதுவும் பொய்யா?


கண்ணாடிக்காரர் | மார்ச் 7, மாலை 5:40

அது பொய்யில்லை, அரை உண்மை. 2011இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், லேசான நோயில் 100 மைக்ரோகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, ஆறு மாதம் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரிந்தது. லேசான நோய் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். செலினியம் ஏற்கனவே போதுமான அளவு இருப்பவர்களுக்கும் அதே பலன் கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. அளவு மீறினால் நஞ்சு. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.


நிலாமுற்றம் | மார்ச் 22, இரவு 9:50

போய்ட்டு வந்தேன். ரெண்டு கண் ஓரத்து எலும்பிலயும் பதியுற மாதிரி கண்ணாடி வெச்ச ஒரு சட்டத்தைப் பிடிச்சு அளந்தார். ஹெர்டல் அளவாம். இடது 20 மி.மீ., வலது 23. அப்புறம் வலி, இமை சிவப்பு, இமை வீக்கம், கண்வெள்ளை சிவப்புன்னு ஒண்ணொண்ணா எண்ணினார். ஏழுக்கு நாலு. மூணு வந்தாலே நோய் மும்முரமா இருக்குன்னு அர்த்தமாம். சிடி ஸ்கேன்ல கீழ்த் தசை நல்லா தடிச்சிருக்கு. படத்தைக் காட்டினார், நடுவுல பருத்து நுனியில மெலிஞ்சு, நூல் சுத்தின கதிர் மாதிரி இருந்தது.

அயோடின் இப்ப கூடாதுன்னு கையெழுத்தோட எழுதிக் கொடுத்துட்டார். மெத்தில் பிரட்னிசோலோன் வாரம் ஒரு தடவை டிரிப்ஸ்ல: ஆறு வாரம் 500 மி.கி., அடுத்த ஆறு வாரம் 250. மொத்தம் நாலரை கிராம். கல்லீரல், சர்க்கரை, மஞ்சள் காமாலை வைரஸ் எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்தாச்சு. ஸ்டீராய்டுன்னாலே கை நடுங்குது. எடுத்தவங்க சொல்லுங்க.

நான் கேட்டேன், ஆபரேஷன் பண்ணி உள்ள தள்ளிடலாமேன்னு. "தீ எரியும்போது வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்றீங்களா"ன்னார்.


ஒத்தையடிப்பாதை | மார்ச் 22, இரவு 10:20

ஏத்தும்போது வாயில இரும்பை நக்கின மாதிரி கசப்பு, மூஞ்சி சூடாகும். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது. நான் ஒவ்வொரு வியாழனும் விடியற்காலை மூணு மணிக்கு அலமாரி அடுக்குவேன். வீடு அவ்வளவு சுத்தமா அதுக்கு முன்னாடியும் இருந்ததில்ல, பின்னாடியும் இல்ல. ரெண்டாவது நாள் சரியாயிடும். காலையில ஏத்துற மாதிரி நேரம் கேட்டு வாங்குங்க.


கடைசிபெஞ்ச் | மார்ச் 23, காலை 7:45

எனக்கு சர்க்கரை உண்டு. ஏத்தின அன்னைக்கும் மறுநாளும் 300ஐத் தாண்டிச்சு. இன்சுலினை முன்கூட்டியே மாத்திக் கொடுத்தாங்க, சமாளிச்சேன். தினமும் மாத்திரையா மாசக்கணக்குல விழுங்குறதுக்கு வாரம் ஒரு டிரிப்ஸ் பரவாயில்லன்னும், பலனும் அதுலதான் அதிகம்னும் சொன்னாங்க. நாலாவது வாரம் இமை வீக்கம் வடிஞ்சது. ஆனா பிதுக்கம் பெருசா குறையலை, அதையும் தெரிஞ்சுக்கோங்க. சிவப்பும் வீக்கமும் வலியும்தான் இதுக்கு மசியும்.

ஐயா, புதுசா ஒரு மருந்து பிதுக்கத்தையே உள்ள இழுக்குதாமே?


கண்ணாடிக்காரர் | மார்ச் 23, மாலை 6:15

டெப்ரோட்டுமுமாப். அமெரிக்காவில் 2020 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு முறை நரம்பில் ஏற்றுவார்கள். விழிக்குழிச் செல்களில் வளர்ச்சித் தூண்டலை வாங்கிக்கொள்கிற ஐஜிஎஃப்-1 ஏற்பியை அது அடைக்கிறது. பிதுக்கமும் இரட்டைப் பார்வையும் குறைவது ஆய்வுகளில் தெளிவாகவே தெரிந்தது. மறுபக்கம்: காது மந்தமாகலாம், சிலருக்கு அது நிரந்தரமாகவும் நின்றிருக்கிறது. சர்க்கரை ஏறும், தசைப்பிடிப்பு வரும், கர்ப்பம் கூடவே கூடாது. நிறுத்தியபின் நோய் திரும்பியவர்களும் உண்டு. விலையும் கிடைப்பதும் எல்லோருக்கும் எட்டுவதாக இல்லை.

ரண்டில் என்பவர் 1945இல் இந்த நோயின் போக்கை ஒரு வளைகோடாக வரைந்தார். ஏறும், உச்சிக்குப் போகும், கொஞ்சம் இறங்கும், பிறகு தரை தட்டி நின்றுவிடும். ஏறி இறங்குகிற காலம் ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு மூன்று வருடமும் ஆகலாம். மருந்துக்கெல்லாம் அந்த ஏற்றத்தில்தான் நல்ல வேலை. நின்றபின் மிஞ்சுவது தழும்பு. ஸ்டீராய்டால் தழும்பைக் கரைக்க முடியாது.

நிலாமுற்றம், ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டில் நல்ல சிவப்பாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே வெளிச்சத்தில், ஒவ்வொரு கண்ணையும் மாறி மாறி மூடி அதைப் பாருங்கள். தடித்த தசைகள் கூம்பின் பின்முனையில் பார்வை நரம்பை நெரித்தால் முதலில் வெளுப்பது பெரும்பாலும் சிவப்புதான். எழுத்து வரிசை அப்போதும் கடைசிவரை படிக்க வரலாம், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கண் அதிகம் பிதுங்காதவர்களுக்கே சில சமயம் இந்த நெரிசல் மோசம். முன்னால் வழிவிட்டிருந்தால் அழுத்தம் குறைந்திருக்கும், இறுகிய இமை வழிவிடவில்லை.


நிலாமுற்றம் | ஏப்ரல் 18, இரவு 9:10

மூணு டோஸ் முடிஞ்சது. வீக்கம் வடியுது. நானும் ராத்திரி மூணு மணிக்கு அலமாரி அடுக்கினேன் அண்ணா 🙂 வீட்டுக்காரர் புகையை மொட்டைமாடிக்குக் கொண்டு போயிட்டார். விடலை, மாடி ஏறுறார். சிவப்புப் பொருளுக்கு பொண்ணோட தண்ணி பாட்டில் மூடியை வெச்சிருக்கேன். தினமும் காலையில ஜன்னலோரம். ரெண்டு கண்ணும் பாஸ்.


நிலாமுற்றம் | மே 3, காலை 7:25

ஐயா இருக்கீங்களா. இன்னைக்கு மூடியைப் பார்த்தேன். இடது கண்ணுல சிவப்பு. வலதுல பழைய செங்கல் மாதிரி இருக்கு, தண்ணி ஊத்திக் கழுவின மாதிரி. கண்ணைக் கசக்கிட்டு, சொட்டு மருந்து விட்டு மறுபடி பார்த்தேன். அப்படியேதான். படிக்க முடியுது. அஞ்சாவது டோஸ் நேத்துதான் போட்டேன். அடுத்த வியாழக்கிழமை எப்படியும் போறேன், அதுவரைக்கும் பார்க்கலாமா?


கண்ணாடிக்காரர் | மே 3, காலை 7:31

வேண்டாம். இன்றே, இப்போதே போங்கள். அவசரப் பிரிவில் போய் "தைராய்டு கண் நோய், ஒரு கண்ணில் நிறம் மங்கிவிட்டது" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். கண் சிவந்திருக்கிறது, உறுத்துகிறது என்று ஆரம்பித்தால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.


மூன்றாம்பிறை | மே 3, காலை 7:40

போம்மா. போய்ட்டு ஒரு வார்த்தை எழுது.


ஒத்தையடிப்பாதை | மே 4, இரவு 10:00

ஏதாவது தெரிஞ்சுதா?


மலைமுகடு | மே 5, காலை 9:15

நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்.


நிலாமுற்றம் | மே 7, மாலை 4:50

பெரிய எழுத்துல வெச்சு டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

அன்னைக்கே படுக்கையில போட்டுட்டாங்க. புள்ளி புள்ளியா நிறத்துக்குள்ள எண் ஒளிஞ்சிருக்கும் புத்தகத்தைக் காட்டினாங்க. இடது கண்ணால எல்லாத்தையும் படிச்சேன். வலதுல முதல் பக்கம் மட்டும்தான், மிச்சமெல்லாம் வெறும் புள்ளி. அப்ப அழுதுட்டேன். டார்ச் அடிச்சுப் பார்த்து வலது பாப்பா சரியா சுருங்கலைன்னு சொன்னாங்க. நரம்பு நெரியுது. மூணு நாள் தொடர்ந்து ஒரு கிராம் வீதம் ஏத்தினாங்க, கல்லீரலைத் தினம் பார்த்துக்கிட்டே. இன்னைக்கு புத்தகத்துல அஞ்சு பக்கம் தெரிஞ்சது. போதாதாம். ஒரு வாரத்துல முழுசா திரும்பலைன்னா எலும்பை எடுத்து இடம் பண்ணணும்னு சொல்லிட்டாங்க.


கண்ணாடிக்காரர் | மே 7, மாலை 5:30

ஐந்து பக்கம் திரும்பியது நல்ல அறிகுறி. அறுவையைக் கண்டு கலங்கவேண்டாம். குழியின் உட்சுவர் எலும்பு காகிதம் போல மெல்லியது, மூக்கை ஒட்டிய காற்றறைகள்தான் அதற்கு அந்தப் பக்கம். அதைத் திறந்தால் தசை அங்கே நகர்ந்து, நரம்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: பார்வை மீளும், இரட்டைப் பார்வை அதன்பின் கூடவும் செய்யலாம். பார்வையைக் காப்பாற்றத்தான் இப்போது அறுவை. மற்றது பிறகு.


நிலாமுற்றம் | மே 29, காலை 11:20

15ஆம் தேதி வலது கண்ணுக்கு ஆச்சு. ரெண்டு வாரம் மூக்கைச் சிந்தக்கூடாதுன்னுட்டாங்க. தும்மல் வந்தா வாயைத் திறந்துக்கிட்டுத்தான் தும்மணும். வீட்டுல நான் தும்மினா பொண்ணு ஓடி வந்து நிப்பா. முந்தாநேத்து புத்தகத்துல ரெண்டே ரெண்டு பக்கம்தான் தவறிச்சு. மூடி இப்ப சிவப்பா இருக்கு. இடது அளவுக்கு இல்ல, ஆனா சிவப்பு.

ஐயா சொன்னது மாதிரியே ரெட்டை கூடிடுச்சு. இப்ப நாள் முழுக்க. ஒரு கண்ணை மறைச்சுக்கிட்டுத்தான் நடக்கிறேன். இதையும் சேர்த்து இமையையும் ஒரேயடியா சரி பண்ணிட முடியாதா?


மூன்றாம்பிறை | மே 29, மதியம் 12:40

அவசரப்படாதே கண்ணு. நான் அந்த அவசரத்தில் சூடுபட்டவ. கண்ணாடியில மூஞ்சி பார்க்கப் பிடிக்காம, ஒரு இடத்துல இமையை மட்டும் முதல்ல இறக்கச் சொல்லிக் கேட்டேன், செஞ்சும் கொடுத்தாங்க. அடுத்த வருஷம் மாறுகண்ணுக்குத் தசையைத் தளர்த்தினதும் கீழ் இமை இறங்கி, மேல் இமையும் நகர்ந்து, மறுபடி முதல்லேருந்து. முதல்ல எலும்பு, அடுத்து தசை, கடைசியாத்தான் இமை. அதுவும் ஆறு மாசம் அளவு அசையாம நின்ன பிறகு. இந்த வரிசையை எனக்கு யாராவது அப்பவே சொல்லியிருந்தா ஒரு தையல் மிச்சம்.


கண்ணாடிக்காரர் | மே 29, மாலை 6:00

மூன்றாம்பிறை சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும். கீழ்த்தசை இறுகியவர்கள் மேலே பார்க்கும்போது கண் அழுத்தம் ஏறிக் காட்டும். அளக்கும்போது தலை கொஞ்சம் மாறினாலே எண் கூடிவிடும். அதை வைத்துக் கண் நீர் அழுத்த நோய் என்று சொட்டு மருந்து எழுதியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். யாராவது அப்படிச் சொன்னால், நேராகப் பார்க்கும்போது எவ்வளவு என்று கேளுங்கள்.

இமை தொங்க ஆரம்பித்தாலோ, இரட்டை காலையில் இல்லாமல் மாலையில் கூடினாலோ அதையும் சொல்லுங்கள். அது இந்த நோயின் குணம் இல்லை. மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய் தைராய்டுக்காரர்களிடம் சற்று அதிகம் வரும், தனியாகத் தேடினால்தான் தெரியும்.


ஒத்தையடிப்பாதை | மே 29, இரவு 9:45

ரெட்டைக்கு பிரிசம் ஸ்டிக்கர் கேளுங்க தங்கச்சி. கண்ணாடியில ஒட்டுற மெல்லிய பிளாஸ்டிக். கோடு கோடா தெரியும், கொஞ்சம் மங்கும், ஆனா உலகம் ஒண்ணாகும். அளவு மாறினா உரிச்சுட்டு வேற ஒட்டலாம். எனக்கு அதுக்கு முன்னாடி தாடையைத் தூக்கிக்கிட்டு நடந்தாத்தான் ஒண்ணா தெரியும். ஊரே என்னைத் திமிர் பிடிச்சவன்னு நினைச்சுது. முதல்ல குடிகாரன், அப்புறம் திமிர் பிடிச்சவன். ஒரே வியாதியில ரெண்டு பட்டம்.


கடைசிபெஞ்ச் | அக்டோபர் 11, இரவு 8:30

நிலாமுற்றம் மேடம், எப்படி இருக்கீங்க? இழை கீழ போயிடுச்சேன்னு தூக்கி விடுறேன்.


நிலாமுற்றம் | அக்டோபர் 13, காலை 6:50

இருக்கேன் சகோ. சிவப்பு, வலி எதுவும் இல்ல. ஏழுக்கு ஒண்ணுதான். ஹெர்டல் இடது 20, வலது 19. இப்ப வலதுதான் உள்ள இருக்கு, வேடிக்கை. இன்னும் ஆறு மாசம் இதே அளவு நின்னா தசைக்குத் தேதி. கார்பிமசோல் ஓடிக்கிட்டு இருக்கு. ஹார்மோன் டாக்டரும் கண் டாக்டரும் இப்ப ஒருத்தருக்கொருத்தர் போன்ல பேசிக்கிறாங்க. அதுக்கு நான் நாலு தடவை கடிதம் சுமந்தேன்.

பிரிசம் ஒட்டியாச்சு. முதல் நாள் ஆபீஸ் படிக்கட்டு உச்சியில நின்னு கீழ பார்த்தேன். மே மாசத்திலேருந்து எனக்குப் படி ரெண்டு வரிசையா தெரியும், எது நிஜம்னு காலால தடவித்தான் இறங்குவேன், கைப்பிடிச் சுவரை விடவே மாட்டேன். அன்னைக்கு ஒரே வரிசை. பதினேழு படி. கையை எடுத்துட்டு இறங்கினேன். கீழ வந்ததும் மறுபடி ஏறி இன்னொரு தடவை இறங்கினேன். காவலாளி பார்த்துக்கிட்டே இருந்தார், ஒண்ணும் கேட்கலை.


சிட்டுக்குருவி77 | அக்டோபர் 13, காலை 9:05

சிஸ் 😭 சூப்பர். நான் பயோட்டின் நிறுத்திட்டு டெஸ்ட் எடுத்தேன், எனக்குத் தைராய்டே இல்லையாம். ஆறு மாசமா இருக்குன்னு நினைச்சு சுத்திக்கிட்டு இருந்தேன்.


கண்ணாடிக்காரர் | அக்டோபர் 13, மாலை 5:55

மகிழ்ச்சி. மூடியைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?


நிலாமுற்றம் | அக்டோபர் 13, மாலை 6:30

பாட்டில் உடைஞ்சு போச்சு ஐயா. மூடி மட்டும் ஜன்னல்லயே இருக்கு.